கேமில் இசையை எங்கே நிறுத்துவது?

நீங்கள் உருவாக்கும் கேமில் பின்னணி இசை ஓயாமல் ஓடினால் சீக்கிரமே காது அதைக் கண்டுகொள்ளாது. மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பில் (கணினிக்கான பதிப்பு) பல ஆண்டுகளாக ஒரு டிராக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 முதல் 20 நிமிட இடைவெளி இருந்தது. அங்கே பியானோ ஒலித்ததும் மனம் இளகுவதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

திகில் காட்சிக்கு முன் இசையை 2, 3 விநாடியில் மெல்லத் தேய்த்து அணையுங்கள். ஆனால் ஒலியை முழுப் பூஜ்யமாக்க வேண்டாம், ஹெட்போன் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். காற்று, மின்விசிறி இரைச்சல், காலடி ஓசை தாழ்வாக இருக்கட்டும். ஒவ்வொரு அமைதிக்குப் பின்னும் பேய் வந்தால் ஆடுபவர் உஷாராகிவிடுவார். சில அமைதிகள் எதுவும் நடக்காமலே கடந்துபோகட்டும்.

பலர் சறுக்குவது சண்டை இசையில்தான். எதிரி 10 மீட்டருக்குள் வந்தால் தொடங்கு, வெளியேறினால் நிறுத்து என்று நிரலில் எழுதினால், எல்லைக்கோட்டில் நிற்கும்போது இசை விட்டுவிட்டு வெட்டும். தொடக்கம் 10 மீட்டர், நிறுத்தம் 15 மீட்டர், அதோடு 5 விநாடி தாமதம் என்று வையுங்கள்.

லூப் ஆகும், அதாவது முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும் இசையை எம்பி3-ல் சேமிக்காதீர்கள். அந்த வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடம் சேர்ப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இசை ஒரு கணம் அறுபடும். ஓஜிஜி அல்லது வேவ் வடிவம் போதும்.