ராஸ்பெர்ரி பையில் ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் தானாக எழச் செய்தல்

மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டுவதற்காகப் பைத்தானிலும், சாளரங்கள் வரைய உதவும் ஜிடிகே நிரலகத்திலும் நான் எழுதிய சிறிய செயலி, ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினியுடன் இணைத்த 7 அங்குலத் தொடுதிரையில், மின்சாரம் வந்தவுடன் யாரும் தொடாமலே முழுத்திரையாக எழ வேண்டும். இதற்கு முழு டெஸ்க்டாப் வேண்டியதில்லை. பணிப்பட்டியும் கோப்பு மேலாளரும் நினைவகத்தைப் பிடித்துக்கொள்வதோடு, விரல் தவறிப் பட்டால் செயலியை மறைத்தும் விடுகின்றன. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பை நிறுவி, அதன்மேல் கேஜ் என்னும் வேலண்டு கம்பாசிட்டரை (வேலண்டு என்ற நெறிமுறைப்படி செயலிகளின் சாளரங்களைத் திரையில் அமைத்துக் காட்டும் நிரல்) மட்டும் வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேஜை ஆப்ட் என்னும் நிறுவல் கருவி வழியாக நிறுவியபின், ராஸ்பெர்ரி பையிலேயே விசைப்பலகையை இணைத்து உள்நுழைந்து, கேஜ் என்ற கட்டளைக்குப் பின் இரண்டு சிறுகோடுகள் இட்டு, செயலியின் பாதையைக் கொடுங்கள். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து வலையமைப்பில் உள்நுழைந்து, சோதிக்காதீர்கள்; அந்த அமர்வுக்குத் திரையின் மீது உரிமை இல்லாததால் கேஜ் பிழை காட்டி நின்றுவிடும்.

வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11 முறையில் பழகியவர்கள், சாளரம் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதைச் செயலிக்குள்ளேயே எழுதுவார்கள். வேலண்டில் அது செல்லாது. கம்பாசிட்டர் ஓர் அளவை அனுப்பும். செயலி அதை ஒப்புக்கொண்டு வரையும். இடம் கம்பாசிட்டரின் பொறுப்பு. கேஜ் முதன்மைச் சாளரத்தைத் திரை முழுவதும் விரிக்கிறது, உரையாடல் பெட்டியை நடுவில் வைக்கிறது. ஆகவே ஒவ்வோர் உரையாடல் பெட்டிக்கும் தாய்ச்சாளரம் எது என்று நிரலில் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் 'சரியா?' என்று கேட்கும் சிறு பெட்டியும் திரையை அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, கணினி எழும்போதே செயலியைத் தொடங்கிவைக்க, சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளருக்கான சேவைக் கோப்பு. என்னை இரண்டு நாள் நிறுத்தியது இந்தப் படிதான். கையால் இயக்கியபோது ஓடிய செயலி, சேவையாக இயக்கியபோது கறுப்புத் திரையைத்தான் காட்டியது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைப் பார்த்தபோது, எக்ஸ்டிஜி ரன்டைம் டைரக்டரி என்னும் சூழல் மாறி அமைக்கப்படவில்லை என்ற வரி இருந்தது. நாம் உள்நுழையும்போது அந்த மாறியும் அது சுட்டும் கோப்புறையும் தானாக உருவாகின்றன. சேவைக்கு உள்நுழைவே இல்லை. கோப்பில் பயனர் பெயருடன் பாம்நேம் (PAMName) என்ற வரிக்கு லாகின் என்று மதிப்புக் கொடுத்தால், முறையான அமர்வு ஒன்று திறக்கப்பட்டு அந்தக் குறை தீரும். கூடவே டிடிஒய்1 என்னும் முதல் உரைமுனையத்தைச் சேவைக்கு ஒதுக்கி, அதே இடத்தில் உள்நுழைவு கேட்டு எழும் கெட்டி (getty) சேவையை கான்ஃபிளிக்ட்ஸ் வரியில் குறிப்பிடுங்கள்.

செயலி முடிந்தால் கேஜும் மூடிக்கொள்ளும் என்பதால், ரீஸ்டார்ட் வரியில் ஆல்வேஸ் என்று எழுதுங்கள். மறுதொடக்க இடைவெளியை 3 விநாடியாக்குவதும் அவசியம். இயல்பான அமைப்பில், 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க நேர்ந்தால் சிஸ்டம்டி முயற்சியைக் கைவிட்டுவிடும்.

பின்சேர்க்கை: சேவையைத் தானாகத் தொடங்கும்படி எனேபிள் செய்தும் எழவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். லைட் பதிப்பு, கணினி எழும் கட்டங்களில் மல்டி யூசர் டார்கெட்டோடு நின்றுவிடும், கிராஃபிக்கல் டார்கெட்டுக்குப் போகாது; சேவை எந்தக் கட்டத்தில் எழ வேண்டும் என்று சொல்லும் வான்டட்பை வரியில் கிராஃபிக்கல் டார்கெட் என்று எழுதியிருந்தால் அதை மல்டி யூசர் டார்கெட் என்று மாற்றுங்கள். சாளரத்தின் மேலே தலைப்புப்பட்டி தெரிந்தால், கேஜ் கட்டளையோடு சிறுகோடும் டி எழுத்தும் (-d) சேர்த்துப் பாருங்கள்.