அகதியாக வந்தவர் ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தலில் போட்டியிடுவது எப்படி

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். இருபது ஆண்டுகளின் பின், 2006 இல், ஒன்ராறியோ மாகாணத்தில் தமிழர்களான லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்கும் நீதன் சாண் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்கும் தெரிவானார்கள். ஆகவே இந்தப் பாதையில் ஏற்கெனவே பலர் நடந்திருக்கிறார்கள். அடுத்த நகரசபைத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26 அன்று நடைபெறுகிறது. போரிலும் இடப்பெயர்விலும் சிறுவயதைக் கழித்து இங்கு வந்து, இப்போது தன் வட்டாரத்துக்காகப் பேச நினைக்கும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் நிபந்தனை குடியுரிமை. ஒன்ராறியோவில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது, போட்டியிடவும் முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின், நிரந்தர வதிவிடம் கிடைக்கும் வரை கழிந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாட்கள் வரை, இக்கணக்கில் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருப்பது தடையாகாது. வேட்பாளர் 18 வயது நிரம்பியவராகவும், அந்த நகரில் வசிப்பவராக அல்லது அங்கே வீடு, காணி, வாடகை இடம் ஒன்றைத் தானோ வாழ்க்கைத்துணையோ வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். நகரசபையிலேயே வேலை செய்பவர் மனுத்தாக்கலுக்கு முன் சம்பளமற்ற விடுப்பு எடுத்தாக வேண்டும்.

குடியுரிமைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாடசாலைப் பெற்றோர் சபையில் சேரக் குடியுரிமை தேவையில்லை. ரொறன்ரோ நகரசபைக் குழுக்களின் முன் பெயரைப் பதிந்துவிட்டு எவரும் பேசலாம். வழக்கமாக 5 நிமிடம் தருவார்கள். வாடகைக் கட்டிடத்தில் இருப்பவர் குடியிருப்பாளர் சங்கத்தில் உழைக்கலாம். ஒரு பாதசாரிக் கடவைக்காக மூன்று கூட்டங்களுக்குப் போய், அறிக்கையை வாசித்து, எந்த அதிகாரி எதைத் தீர்மானிக்கிறார் என்று தெரிந்துகொண்டவர், மேடைப் பேச்சில் மட்டும் பழகியவரைவிட ஆயத்தமானவர் என்பது என் கணிப்பு. கல்விச் சபையில் தொடங்கி நகரசபைக்குப் போவது நம்மவரிடையே வழக்கமான வழியாக இருந்தது: யுவனிதா நாதன் 2010 இல் கல்விச் சபைக்கும், 2022 இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025 இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். ஆனால் 2025 இல் மாகாண அரசு ரொறன்ரோ கல்விச் சபை உட்படச் சில சபைகளைத் தன் மேற்பார்வையாளரின் கீழ் கொண்டுவந்துவிட்டதால், அந்த வழியை நம்பியிருப்பவர் நிலைமையை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் கதைக்கு வருவோம். பதுங்கு குழியிலும் முகாமிலும் கழிந்த சிறுவயது உங்களைப் பற்றி ஒரு மரியாதையை உண்டாக்கும். வாக்கை அது தானாகக் கொண்டுவராது. வட்டாரத்தில் உள்ள சீன, பிலிப்பைன், கரீபிய, இத்தாலியக் குடும்பங்களுக்கு உங்கள் ஊரின் போர் தொலைவான செய்தி. நம்மவருக்கோ அது அவரவர் வீட்டுக் கதை, அவர்களிடம் அதைச் சொல்லி மட்டும் தனித்து நிற்க முடியாது. ஆகவே கதையை நகரசபையின் வேலையோடு இணைத்துச் சொல்லப் பழகுங்கள். பத்து வயதில் தாய்க்காக வைத்தியசாலையிலும் அரச அலுவலகத்திலும் மொழிபெயர்த்த பிள்ளை, அலுவலகக் கடிதம் ஒன்று புரியாத வயோதிபருக்கு எங்கே சிக்கும் என்பதை அறிந்திருக்கும். நகரசபை உறுப்பினரின் அலுவலகத்தில் அன்றாடம் நடக்கும் வேலையில் பாதி அதுதான். பெற்றோர் இரவு வேலை முடித்துப் பனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்ததைச் சொன்னால், அடுத்த வசனம் எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் பஸ் குறைவு என்பதாக இருக்கட்டும். கதைக்கு ஒரு நிமிடம் போதும். சொல்ல விரும்பாத பகுதிகளைச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. காயத்தைக் காட்டினால்தான் வாக்கு விழும் என்று ஆலோசனை சொல்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வாசலில் நிற்கும்போது, தங்கையின் விசா, அம்மாவின் ஸ்பொன்சர், ஊரில் இராணுவம் பிடித்த காணி என்று நம்மவர் கேட்பார்கள். குடிவரவும் வெளியுறவும் மத்திய அரசின் கையில் உள்ளவை, வைத்தியசாலை மாகாணத்தின் கையில் உள்ளது. நகரசபை தீர்மானிப்பது தெரு, பனி அகற்றல், குப்பை, நூலகம், பூங்கா, கட்டிட அனுமதி, சொத்து வரி போன்றவற்றை. முடியாததை முடியும் என்று சொல்லி வாங்கும் வாக்கு அடுத்த தேர்தலில் உங்களுக்கு எதிராகவே விழும்.

ஒன்ராறியோ நகரசபை வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது. எனவே பெயரை வாக்காளர் நினைவில் வைத்திருக்க வேண்டும், அதற்கு வீடு வீடாகப் போவதைவிடச் சிறந்த வழி இல்லை. ரொறன்ரோவில் 2022 இல் வாக்களித்தோர் 30 சதவீதத்தை எட்டவில்லை. 2018 இல் அந்நகரின் ஸ்காபரோ-ரூஜ் பார்க் வட்டாரத்தில் நீதன் சாண் சுமார் 150 வாக்குகளால்தான் தோற்றார். ஒரு தெருவைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அந்த எண்ணே சொல்லும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் முன்வாசலைத் தட்டிவிட்டுத் திரும்பாதீர்கள்: பக்கவாட்டில் பேஸ்மென்ட் வாசல் இருக்கும், அங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் இரண்டு மூன்று குடியுரிமையாளர்கள் இருக்கலாம், அவர்களை எந்த வேட்பாளரும் தேடி வந்திருக்கமாட்டார். மாடிக் குடியிருப்புகளுக்குள் வேட்பாளரையும் தொண்டரையும் பிரசாரத்துக்கு அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். பாதுகாவலர் மறித்தால் அமைதியாக அதை எடுத்துச் சொல்லுங்கள். ஒக்டோபரில் விரைவில் இருட்டிவிடும், ஆகவே பெரும்பகுதி நடையைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். பேசியவரின் ஆதரவு, அவர் சொன்ன குறை, வாக்களிக்க வாகனம் வேண்டுமா என்பவற்றை அந்த வாசலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மனுத்தாக்கல் மே 1 இல் தொடங்கி 2026 ஓகஸ்ட் 21 பிற்பகல் 2 மணிக்கு முடிகிறது. நகர எழுத்தரின் (City Clerk) அலுவலகத்தில் மனுவையும் அடையாள ஆவணத்தையும் கொடுத்து, உறுப்பினர் பதவிக்கு 100 டொலரும் மேயர் பதவிக்கு 200 டொலரும் கட்ட வேண்டும். நகரசபைப் பதவிகளுக்கு அந்நகர வாக்காளர் 25 பேரின் ஒப்பமும் தேவை. மிகச் சிறிய நகரசபைகளுக்கு இது பொருந்தாது. நாற்பது ஒப்பமாவது வாங்குங்கள், ஏனெனில் ஆர்வத்தோடு ஒப்பமிட்டவர் நிரந்தர வதிவிடவாசி மட்டும் என்று பின்னர் தெரியவருவது நம்மிடையே சாதாரணம். வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் வரும். தந்தையின் நீண்ட பெயர் அங்கே குடும்பப் பெயராக நிற்பவர், தன்னை எல்லோரும் அழைக்கும் வேறொரு பெயரைப் பயன்படுத்த எழுத்தரின் சம்மதத்தைக் கேட்கலாம். சுவரொட்டி அச்சிடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

பணத்தில்தான் அதிக கவனம் வேண்டும். மனுத்தாக்கலுக்கு முன் ஒரு டொலரும் வாங்கக் கூடாது, செலவழிக்கவும் கூடாது. அதன் பின் தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்குத் திறந்து, எல்லா வரவு செலவையும் அதன் வழியே செய்ய வேண்டும். ஒன்ராறியோவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை கொடுக்கலாம் (ரொறன்ரோ மேயர் வேட்பாளருக்கு மட்டும் 2,500). 25 டொலருக்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக வாங்க முடியாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே முடியாது. நம் சமூகத்தில் இது எங்கே தவறிப்போகும் என்று பாருங்கள்: இராப்போசன விருந்தில் கலியாண வீட்டு மொய் போல உறைக்குள் காசு வைத்து நீட்டுவார்கள், தெரிந்த அண்ணை தன் மண்டபத்தை இலவசமாகத் தருவார், அச்சகம் நடத்தும் நண்பர் துண்டுப்பிரசுரத்துக்குக் காசு வேண்டாம் என்பார். உறையைத் திருப்பிக் கொடுத்துக் காசோலை கேட்க வேண்டும். மண்டபமும் அச்சும் சந்தை விலையில் மதிக்கப்படும் நன்கொடைகள், அவற்றைத் தருவது ஒரு நிறுவனம் என்றால் சட்டவிரோதமானவை. ஆகவே பற்றுச்சீட்டு வாங்கி முழு விலையையும் கட்டுங்கள். அண்ணை கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். எந்த வாக்காளரும் உங்கள் கணக்கைத் தணிக்கை செய்யக் கோரலாம் என்பதைச் சொன்னால் அவருக்கும் விளங்கும். காசோலை, கட்டுக்காசு, பற்றுச்சீட்டு என்று எண்களோடு புழங்கும் ஒருவரை, அரசியல் ஆர்வம் இல்லாவிட்டாலும், முதல் நாளே பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய வேலை வாக்கெண்ணும் இரவோடு முடியாது. வென்றவரும் தோற்றவரும், இடையில் விலகியவரும்கூட, மறு ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் நிதி அறிக்கையை எழுத்தரிடம் கொடுத்தாக வேண்டும். நேரத்துக்குக் கொடுத்தால் மனுத்தாக்கலில் கட்டிய 100 அல்லது 200 டொலர் திரும்பி வரும். கொடுக்கத் தவறினால் வென்றவர் பதவியை இழப்பார், தோற்றவர் அடுத்த பொதுத் தேர்தல் முடியும் வரை மீண்டும் நிற்க முடியாது. முதல் முயற்சியில் தோற்பவர்களே அதிகம் என்பதால், இரண்டாவது முயற்சிக்கான வாய்ப்பு இந்த அறிக்கையில்தான் தங்கியிருக்கிறது.