ஹோம் தியேட்டரை மேம்படுத்த எங்கிருந்து தொடங்குவது? செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஒரு அறையை ஒதுக்கி, நல்ல விலை கொடுத்து ஹோம் தியேட்டர் போட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய ஆகிவிட்டன. சில மாதம் போனதும் வசனம் தெளிவாக இல்லை, பாஸ் (அடித்தொனி) குமுறுகிறது என்று மனசுக்குப் படும். உடனே பெரிய ரிசீவர் (ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் பெட்டி) வாங்கத் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுகிறோம். என்னைக் கேட்டால், ரிசீவர் கடைசியாக மாற்ற வேண்டிய பொருள். கரண்ட், அறை, சப்வூஃபர் (பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), மற்ற ஸ்பீக்கர் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் அதன் முறை வரும். இந்த வரிசையில் போனால் பாதிப் பணம் மிச்சமாகும், சத்தமும் நிஜமாகவே மாறும்.

1. முதலில் கரண்ட்

தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தியேட்டர் அறை பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்துக் குழியைச் சரிசெய்யாமல் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இருந்தால் டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அந்த ஒயர்தான். அதற்கென்று விற்கும் ஐசோலேட்டரை நடுவில் போடலாம். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த்துப் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

மலையடிவாரத்தில் ஐப்பசி இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சர்ஜ் புரொடெக்டர் அவசியம்தான், ஆனால் பக்கத்தில் விழும் இடிக்கு அது தாங்காது. வானம் கறுத்ததும் பிளக்கோடு டிஷ் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பலர் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

2. அறை: இங்கேதான் பெரிய மாற்றம்

அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். பழைய மச்சு வீட்டில் மரக்கூரை சத்தத்தைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். புது கான்கிரீட் வீட்டில், டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தால், 'ட்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். வசனத்தைக் குழப்புவது அதுதான்.

ஒரு கணக்கு. அறையின் நீளம் 14 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதை அறை நீளத்தின் (சுமார் 4.27 மீட்டர்) இரு மடங்கால் வகுத்தால் 40 வரும். அதனால் இந்த நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்து பாஸ் இரண்டு சுவருக்கும் நடுவே மோதி மோதி நிற்கும். பின் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சுருதி காதைக் குத்தும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போய்விடும். எத்தனை லட்சத்துக்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கினாலும் இது மாறாது. சோபாவைப் பின் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழுங்கள். செலவு இல்லை, வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அடுத்து கண்ணாடி வைத்தியம். நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவர் பக்கச் சுவரில் கைக்கண்ணாடியை ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 2 அங்குல ராக்வுல் (சத்தத்தை உறிஞ்சும் கல் நார்) பேனலை மாட்டுங்கள். மெல்லிய திரைச்சீலையும் முட்டை அட்டையும் கீச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும். தரைக்கு நல்ல தடித்த விரிப்பு போதும். சாரல் காலத்தில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் பேனலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

3. சப்வூஃபரின் இடம்

சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். பாஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். பாஸ் எங்கே குமுறாமல் இறுக்கமாகக் கேட்கிறதோ, அங்கேதான் சப் போக வேண்டும். புதிதாக வாங்குவதானால் ஒரே பெரிய சப்பைவிட நடுத்தரமான இரண்டு சப் என்பது என் பரிந்துரை. எல்லா இருக்கைக்கும் பாஸ் சீராகப் போய்ச் சேரும்.

4. ஸ்பீக்கர்

வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அதை டிவி அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்தால் விளிம்புவரை வெளியே இழுத்து, காதை நோக்கி லேசாக நிமிர்த்துங்கள். மாற்றுவதானால் முன்னால் உள்ள மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, இடதும் வலதும் நேர் எதிர்த் திசையிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள், சரவுண்ட் (சற்றுப் பின்பக்கமாக வைக்கும் ஸ்பீக்கர்) இரண்டும் 110 முதல் 120 டிகிரிக்குள் இருக்கட்டும்.

வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியை (ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை) பாருங்கள். 100 வாட்ஸ் ஆம்பை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதே பலன்தான்.

ஒயர் இணைக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் பாஸ் ஒல்லியாகிவிடும். சந்தேகமிருந்தால் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் தொட்டால் வூஃபர் கூம்பு வெளியே வர வேண்டும்.

5. இப்போது ரிசீவர்

மூன்றைப் பாருங்கள்: பின்னாளில் தனி பவர் ஆம்ப் சேர்க்க பிரீ-அவுட் என்ற இணைப்பு, டிவியின் சத்தத்தை HDMI ஒயர் வழியே ரிசீவருக்குக் கொண்டுவர இ-ஆர்க் (ஆர்க்கின் மேம்பட்ட வடிவம்), மைக் வைத்து அறையை அளக்கும் வசதி. ஓடிடி படங்களின் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி முறை) சாதாரண ஆர்க்கிலேயே வந்துவிடும். புளூரே டிஸ்க்கில் உள்ள ட்ரூஹெச்டி என்ற தரம் குறையாத ஒலி வகைக்கு இ-ஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிடலாம்.

மைக் அளவீட்டை மழை இல்லாத, காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிற்கட்டும். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபா முதுகிலும் சாய்க்காமல், ட்ரைபாடில் காது உயரத்தில் வையுங்கள். முடிந்ததும் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று காட்டினால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்தச் சுருதிக்குக் கீழே சப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பாஸ் வேலை சப்புக்குப் போய்விடும், ரிசீவருக்கும் மூச்சு கிடைக்கும்.

கூரை ஸ்பீக்கர் போடும் யோசனை இருந்தால் இவ்வளவும் ஒழுங்கான பிறகு 5.1.2 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப், இரண்டு கூரை ஸ்பீக்கர்) ஆக்குங்கள். மச்சு வீட்டில் பலகையைத் துளைப்பதற்கு முன் ஆசாரியைக் கூப்பிட்டு உத்திரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.