பழ ஈயின் குடல் பாக்டீரியாவை வைத்தே பெண் ஈயைப் பிடிக்கும் பொறி: செய்முறை விளக்கம்

மீத்தைல் யூஜினால் (பழ ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) வைத்த பொறியில் கொத்துக் கொத்தாக ஈ விழுகிறது, காயில் மட்டும் புழு குறையவில்லை. காரணம் எளிது: அதில் விழுவதெல்லாம் ஆண் ஈ. காயைக் குத்தி முட்டை வைப்பது பெண். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈக்கு முட்டை முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குப் புரதமும் வேண்டும். இலைமேலும் பழத்தோல்மேலும் வளரும் பாக்டீரியா அதற்கு ஒரு புரதத் தீனி. அதே பாக்டீரியா ஈயின் குடலிலும் குடியிருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும்போது வரும் அம்மோனியா வாடைக்குத்தான் பசித்த பெண் ஈ வருகிறது. நாம் பிடிக்கப்போவது அந்தப் பசி நாட்களை.

(இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஆலிவ் பழ ஈ நல்ல சாட்சி. குடலில் உள்ள எர்வினியா டாசிகோலா பாக்டீரியா இல்லாவிட்டால் அதன் புழு பச்சை ஆலிவ் காயில் வளர முடியாது.)

ஒரு எச்சரிக்கை. பழ ஈயின் குடலில் அதிகம் கிடைக்கும் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் இனங்களில் சில, உடல் பலவீனமானவர்களுக்கு நோய் தரக்கூடியவை. வளர்ப்பு வேலையை ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம். உயிருள்ள கரைசலைப் பயிரில் தெளிக்கவே கூடாது. பொறிக்குப் போவது கொன்ற கரைசல்தான். வாடை பாக்டீரியா வெளியிட்ட பொருட்களில் இருக்கிறது, அதனால் செத்த கரைசலும் ஈயை இழுக்கும்.

படி 1: குடலை எடுப்பது

தோட்டத்தில் பிடித்த பெண் ஈக்கள் பத்து போதும். வயிற்று நுனி ஊசிபோல் கூராக நீண்டிருந்தால் பெண். ஃப்ரீசரில் சில நிமிடம் வைத்தால் மயங்கும். 70 சத ஆல்கஹாலில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். மூன்றாவது அலசல் தண்ணீரில் ஒரு சொட்டைத் தனி அகர் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) தடவி வையுங்கள். மறுநாள் அதில் ஏதாவது முளைத்திருந்தால், நீங்கள் எடுத்தது ஈயின் தோல்மேல் ஒட்டியிருந்த பாக்டீரியாவாகவும் இருக்கலாம். அந்தத் தொகுப்பையே ஒதுக்கிவிடுங்கள். பலர் தாண்டிப் போகும் சோதனை இது.

0.85 சத உப்புக் கரைசலில் ஈயை வைத்து, உருப்பெருக்கியின் கீழ் இரண்டு இடுக்கியால் வயிற்றைப் பிரித்தால் குடல் நூலாக வரும். அதை 1 மி.லி. உப்புக் கரைசலில் நசுக்குங்கள். பத்துக்கு ஒன்றாக ஐந்தாறு முறை நீர்த்து, கடைசி மூன்று நீர்ப்பிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து நியூட்ரியன்ட் அகரில் பரப்புங்கள். 30 டிகிரி செல்சியஸில் 24 முதல் 48 மணி நேரம்.

படி 2: தேர்வு

அகரில் முளைத்த பாக்டீரியாத் திட்டுகளில் தோற்றத்தில் வேறுபட்ட நான்கைந்தைப் புதிய தட்டுகளில் தனித்தனியாகக் கோடிழுத்துத் தூய்மையாக்குங்கள். இனம் எது என்பதை மரபணு வரிசை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தட்டில் நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது ஊகம்தான்.

படி 3: கரைசல்

1 லிட்டர் தண்ணீருக்கு பெப்டோன் (சிதைத்த புரதப் பொடி) 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 5 கிராம். கிருமி நீக்கி, ஆறியபின் படி 2-இல் தூய்மையாக்கிய ஒரு பாக்டீரியாவைச் சேர்த்து, 30 டிகிரியில் குலுக்கியபடி மூன்று நாள் வளருங்கள். குடுவையில் கால் பங்குக்கு மேல் நிரப்பினால் காற்று போதாது.

வெல்லமோ சர்க்கரையோ சேர்த்தால் நன்றாக வளருமே என்று கை நீளும். சேர்க்காதீர்கள். சர்க்கரை கிடைத்தால் பாக்டீரியா அதைத்தான் முதலில் தின்னும், அமிலம் விடும், புரதத்தைத் தொடாது. கரைசல் கலங்கி நன்றாக வளர்ந்ததுபோல் தெரியும், ஆனால் அம்மோனியா இருக்காது. பி.எச். தாளைத் தோய்த்துப் பாருங்கள்: 7-இல் தொடங்கியது 8-ஐத் தாண்டியிருந்தால் சரி. கீழே இறங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். கொட்டும் முன்பு அதையும் கொன்றுவிட வேண்டும்.

வளர்ந்த கரைசலை 121 டிகிரியில் 20 நிமிடம் அழுத்தக் கொதிகலத்தில் வையுங்கள். முழுவதும் ஆறிய பிறகு லிட்டருக்கு 30 கிராம் போராக்ஸ் கலக்குங்கள். போராக்ஸ் காரத்தைக் கூட்டி அம்மோனியாவை வெளியேற்றும், விழுந்த ஈ அழுகுவதையும் தாமதப்படுத்தும். சூட்டிலேயே போட்டால் அந்த அம்மோனியா எல்லாம் ஆய்வகக் காற்றில் போய்விடும்.

படி 4: பொறி

1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கீழ்ப்பாதிக்கு மஞ்சள் வண்ணம் அடியுங்கள், மேல்பாதி தெளிவாகவே இருக்கட்டும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி 8 முதல் 10 மி.மீ. அளவில் நான்கு துளை. 250 மி.லி. கரைசல். மரத்தில் ஆள் உயரத்தில், நிழலில், இலை உரசாமல் தொங்கவிடுங்கள். இலை பட்டால் எறும்புக்குப் பாலம். காய் முற்றும் முன்பே கட்டிவிட வேண்டும். புழு விழுந்த பிறகு கட்டினால் அந்தப் பருவம் போனதுதான். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பழையதை வேரடியில் ஊற்றாதீர்கள், போரான் மிஞ்சினால் செடி கருகும்.

கனிந்து விழுந்த பழங்களைப் பொறுக்காமல் பொறியை மட்டும் நம்பினால் பலிக்காது. பழத்துப் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, புழு எல்லாம் சாகும்வரை வெயிலில் போடுங்கள்.

படி 5: எண்ணிப் பார்ப்பது

பாக்டீரியா கரைசல் பொறி ஐந்து, பாக்டீரியா சேர்க்காமல் அதே ஊடகத்தை (படி 3-இன் பெப்டோன், ஈஸ்ட் சாறு, உப்புக் கலவை) அதே கொதிகலத்தில் வைத்து அதே போராக்ஸ் கலந்த பொறி ஐந்து, வெறும் தண்ணீர் ஐந்து. பத்து மீட்டருக்குக் குறையாத இடைவெளி. வாரம்தோறும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நல்ல மரத்தடியில் தொங்கிய பொறி ஜெயித்ததாகத் தெரியும். ஆண், பெண் பிரித்து எண்ணுங்கள். வெறும் ஊடகமும் அதே அளவு பெண் ஈயைப் பிடித்தால், ஈயை இழுத்தது ஊடகம்தான், உங்கள் பாக்டீரியா அல்ல. படி 2-இல் எடுத்து வைத்த அடுத்த திட்டோடு திரும்பத் தொடங்குங்கள்.