பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கும் வேலைக்கு இளைஞர்களைக் கூப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை சர்வதேச கரையோரத் தூய்மைப்படுத்தல் தினம். வெள்ளவத்தை, கல்கிசை, காக்கைதீவு என்று கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்த கடற்கரைகளில் மாணவர்கள் கூட்டமாக நின்று குப்பை பொறுக்குவார்கள். மூட்டைகள் நிரம்பும், படம் எடுப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். அடுத்த பெருமழைக்கு வெள்ளவத்தைக் கால்வாயும் களனி கங்கையும் அதே சாமானைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். அந்தப் பிள்ளைகளில் ஒரு குறையும் இல்லை. அவர்களைக் கூப்பிட்ட பெரியவர்கள் அவர்களிடம் குனிந்து பொறுக்கும் வேலையை மட்டும் கேட்டார்கள். நான் பார்த்த வரையில் மற்ற எல்லாத் தவறும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

பொறுக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. பொறுக்கியதைக் கட்டி அனுப்புவதற்கு முன் தரையில் கொட்டிப் பிரிக்க விடுங்கள். யோகட் கப் எத்தனை, தண்ணீர்ப் போத்தல் எத்தனை, சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீட் எத்தனை, ஷாம்பு பக்கற் எத்தனை என்று எண்ணட்டும். எது அதிகம், அது எந்தக் கடையிலிருந்து, எந்த நிகழ்ச்சியிலிருந்து வந்திருக்கும் என்று அவர்களே கதைத்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தேர்வைப் பெரியவர்கள் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுக் கூட்டம் போட்டால், இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது.

பொருளைத் தேர்ந்த பிறகு நடக்கும் தவறு, பிள்ளைகளைக் கடைகளுக்குக் காவல்காரராக அனுப்புவது. இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. உக்காத லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டம்பர் 1 முதல் தடை. உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றருக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட சின்னப் பக்கற்றுகள் 2021 மார்ச் 31 முதல் தடை. ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, குடிக்கிற கப், இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இவற்றைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை முதலாளியிடம் போய் "இது சட்டவிரோதம்" என்று சொன்னால் அந்தக் கடை வாசல் அதோடு மூடிவிடும். பிடிப்பதும் வழக்குப் போடுவதும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் நுகர்வோர் விவகார அதிகார சபையும் பார்க்க வேண்டிய வேலை. பிள்ளைகள் போய்க் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அண்ணா, ஒரு நாளைக்குப் பைக்கு மட்டும் எவ்வளவு காசு போகுது? பெட்டி கொண்டு வாற ஆக்களுக்கு சாம்பாரை அதிலேயே ஊற்றித் தந்தால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" சைவக் கடையில் தோசைப் பார்சலுக்குச் சாம்பார் ஒரு பையில், சட்னி இன்னொரு பையில், சம்பல் வேறொன்றில் வரும். டியூஷன் வகுப்புக்குப் பக்கத்துக் கடையில் அதை வாங்குவதே இந்த மாணவர்கள்தான். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி காது கொடுப்பார்.

எங்கள் சமூகத்தில் கவனிக்காமல் விடும் பெரிய இடம், இளைஞர்கள் ஏற்கெனவே பொறுப்பெடுத்து நடத்தும் நிகழ்ச்சிகள். ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது வழியில் இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் தாகசாந்தி வைப்பது யார்? வெசாக் தன்சலில், அதாவது இலவச உணவு, பானப் பந்தலில், நன்னாரி ஊற்றிக் கொடுப்பது யார்? கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் தண்ணீரோடு நிற்பது யார்? பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெடியன்களும் பெட்டையளும்தான். ஒரு பக்கம் அவர்களை வைத்து "சுற்றாடல் நிகழ்ச்சி" என்று தனியாக ஒன்று நடத்திவிட்டு, மறு பக்கம் அதே பிள்ளைகளின் கையால் ஒரே மாலைக்குள் ஆயிரக்கணக்கில் குடித்துவிட்டு வீசும் கப் கொடுக்க வைப்பது வீண் வேலை. மாற்ற வேண்டியது அந்தத் தாகசாந்தியைத்தான்.

இங்கே அவசரமும் ஆகாது. "கடதாசிக் கப் வாங்கிவிட்டோம், பிரச்சினை முடிந்தது" என்று நினைப்பது தவறு. பெரும்பாலான கடதாசிக் கப்பின் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதனால்தான் தண்ணீர் ஊறாமல் நிற்கிறது. சில்வர் டம்ளர் நல்லது. ஆனால் அதற்குக் கணக்குப் போட வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் குடிப்பார்கள், டம்ளரை எந்தச் சமையல் பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுப்பது, கழுவ எத்தனை வாளி, கடைசி அலசலுக்குச் சுத்தமான தண்ணீர் எங்கிருந்து, அழுக்குத் தண்ணீர் எந்தக் கானுக்கு, யார் எந்த நேரம் கழுவுவது. கழுவும் வேலையைப் பெண்பிள்ளைகள் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அதை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை இளைஞர்கள் எழுதி, கோயில் நிர்வாக சபை கூடும்போது நேரில் வைக்க வேண்டும். திருவிழாவுக்குச் சில மாதங்கள் முன்னால் என்றால் நடக்கும். திருவிழாவுக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றுதான் பதில் வரும்.

அப்புறம், எல்லா பிளாஸ்டிக்கையும் சேர்த்துவிட்டால் மீள்சுழற்சிக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை. தண்ணீர்ப் போத்தலுக்கு வாங்க ஆள் உண்டு. எண்ணெய் பிடித்த லஞ்ச் சீட்டையும் பல அடுக்கு பிஸ்கட் உறையையும் யாரும் எடுக்க மாட்டார்கள். சேர்க்கத் தொடங்கு முன்னர் தெருவில் போத்தல், பேப்பர் வாங்க வருபவரிடம் கதையுங்கள். எதை எடுப்பார், கழுவித் தர வேண்டுமா, என்ன விலை என்று அவருக்குத் தெரியும். அவருடைய பிழைப்பில் கை வைக்காமல் அவரையும் வேலையில் சேர்ப்பதுதான் முறை. மிஞ்சியதை எரித்துவிடலாம் என்று ஒருவரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் எரிப்பதும் 2017 முதல் தடை.

ஏழைகளைக் குறை சொல்லும் பேச்சு ஒரு குழுவையே கெடுத்துவிடும். நாட்கூலிக்குப் போகும் தாய் பெரிய போத்தல் ஷாம்பு வாங்காததற்குக் காரணம் கையில் அன்றைக்கு இருக்கும் காசு. கொழும்பின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் குழுவில் இருந்தால் இதை அவர்களே மற்றவர்களுக்கு விளக்குவார்கள், அதனால் அவர்கள் பின்வரிசையில் நிற்கக் கூடாது. ஆமையின் படத்தைக் காட்டுவதைவிட, யோகட் கப்பில் தேங்கும் மழைத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடுவதைச் சொல்லுங்கள். 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது, கொழும்பில் அதை மறந்தவர் குறைவு. அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை எங்கே போகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சம்பவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சின்னதாகத் தெரிந்தாலும் வேலையை முடக்கும் சில விஷயங்கள் உண்டு. சனி, ஞாயிறு காலையில் கூட்டம் வைத்தால் க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவர்கள் டியூஷனில் இருப்பார்கள். அறிவித்தலை ஆங்கிலத்தில் மட்டும் போடாதீர்கள், தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழும் சிங்களமும் இரண்டும் வேண்டும். கால்வாய்க்குள் பிள்ளைகளை இறக்கவே கூடாது, எலிக்காய்ச்சல் வரும், உடைந்த கண்ணாடி இருக்கும். கரையில் வேலை என்றாலும் கையுறையும் மூடிய சப்பாத்தும் பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

காசு விஷயத்தில் பலர் தயங்குவார்கள். ஒரு சிறு தொகையை இளைஞர்களிடமே கொடுத்து, கணக்குப் புத்தகத்தையும் அவர்களிடமே விடுங்கள். பெரியவர் ஒருவர் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். சான்றிதழ் கொடுப்பதிலும் தப்பில்லை, வேலைக்கும் படிப்புக்கும் அது உதவும். ஆனால் வந்து நின்றதற்குக் கொடுக்காமல், எந்தக் கடையோடு பேசினார், எதை மாற்றினார் என்று எழுதிக் கொடுங்கள். உயர்தரம் முடிந்ததும் நடத்துகிறவர் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் க.பொ.த. சாதாரண தர வகுப்புப் பிள்ளை ஒருவரை ஆரம்பத்திலேயே பக்கத்தில் இருத்தி, கடைக்காரரின் பெயர், டம்ளர் வாடகைக்குத் தருபவர், போத்தல் வாங்குபவர் எல்லாம் ஒரே கொப்பியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.