ஐரோப்பிய முடியாட்சிகள்: விடைத்தாளில் அடிக்கடி வரும் தவறுகள்

15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வலுவான முடியாட்சிகள் எழுந்தன. அதைப் பற்றி எழுதும்போது பலர் இன்றைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். சறுக்கல் அங்கேதான். எந்த மன்னரைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: போருக்குப் பணம் எங்கிருந்து, யார் சம்மதத்தோடு வந்தது?

‘1469-இல் இசபெல்லா, ஃபெர்டினாண்டு திருமணத்தால் ஸ்பெயின் ஒன்றுபட்டது’ என்று எழுதாதீர்கள். காஸ்டில் என்ற அரசின் அரியணை இசபெல்லாவுக்குக் கிடைத்தது 1474-இல். அரகோன் என்ற அண்டை அரசு ஃபெர்டினாண்டுக்கு வந்தது 1479-இல். அதற்குப் பிறகும் இரண்டுக்கும் சட்டம் வேறு, நாணயம் வேறு, வரிக்கு ஒப்புதல் தரும் சபையும் வேறு. ஸ்பானியப் பேரரசின் போர்ச்சுமை பெரும்பாலும் காஸ்டில் தலையில்தான் விழுந்தது. மற்ற பகுதிகளும் பங்கு தர வேண்டும் என்று அமைச்சர் ஒலிவாரெஸ் நெருக்கியதன் விளைவு, 1640-இல் கட்டலோனியாவும், அப்போது ஸ்பெயின் மன்னரின் கீழிருந்த போர்ச்சுகலும் கிளர்ந்தெழுந்தன. போர்ச்சுகல் கையை விட்டே போய்விட்டது.

பிரான்சில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘நானே அரசு’ என்று பதினான்காம் லூயி சொன்னதற்கு அக்காலச் சான்று கிடையாது. மேற்கோளாகப் போடாமல் இருப்பது நல்லது. வரம்பற்ற முடியாட்சி என்றால் மன்னர் நினைத்ததெல்லாம் நடந்தது என்று கொள்வது அதைவிடப் பெரிய பிழை. பணத்தட்டுப்பாட்டில் பிரெஞ்சு மன்னர்கள் நீதி, வரிப் பதவிகளை விலைக்கு விற்றார்கள். 1604 முதல் ஆண்டுக்கட்டணம் செலுத்தினால் பதவியை வாரிசுக்கே விட்டுச்செல்லலாம் என்றானது. காசு கொடுத்து வாங்கியவரை நீக்க வேண்டுமானால் காசைத் திருப்பித் தரவேண்டும், கஜானாவிலோ பணமில்லை. தன் சொந்த அதிகாரிகளையே மாற்ற முடியாத மன்னர், அவர்களுக்கு மேலே மாகாணங்களுக்கு ‘இண்டெண்டண்ட்’களை, அதாவது தானே நியமித்து நீக்கவும் கூடிய ஆணையர்களை, அனுப்பிச் சமாளித்தார்.

உப்பு வரியைப் பாருங்கள். பாரிஸைச் சுற்றிய மாகாணங்களில் உப்பு விலை தீயாய்ச் சுட்டது. குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. பிரான்சின் மேற்கு மாகாணமான பிரிட்டனிக்கு அந்த வரியே இல்லை. எல்லையில் கடத்தல் கொழித்தது. ஒரே மன்னர், ஒரே நாடு, உப்புக்கு மட்டும் பல விலை! பிரபுக்களை மன்னர் ஒடுக்கிவிட்டார் என்பதும் பாதி உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் ‘தாய்’ (taille) என்ற நேரடி வரியிலிருந்து விலக்கை விடவே இல்லை. மொழியும் அப்படியே. 1539-இல் அரசு ஆவணங்களில் பிரெஞ்சு கட்டாயமானது. ஆனாலும் புரட்சிக்காலத்தில்கூட மக்களில் பெரும்பகுதியினரின் வீட்டுமொழி வேறு.

முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு இறையாண்மை அரசுகள் பிறந்துவிட்டன என்ற வரியையும் அடித்துவிடுங்கள். ஜெர்மானியச் சிற்றரசுகள் பலவற்றைத் தன்னுள் கொண்ட புனித ரோமப் பேரரசு 1806 வரை இருந்தது.

கடைசியாக, நாடாளுமன்றம் வலுத்தால் அரசு நலியும் என்ற எண்ணம். போலந்தை வைத்துப் பார்த்தால் சரிபோலத் தோன்றும்: அக்காலத்தில் அங்கே ஒரே உறுப்பினரின் மறுப்பு அவையையே கலைத்துவிடும். இங்கிலாந்தில் நடந்ததோ தலைகீழ். நாடாளுமன்றச் சம்மதமின்றி வரி இல்லை என்று 1689-இல் உறுதியான பிறகு, கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது. 1694-இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கி அரசுக்கு 12 லட்சம் பவுண்டு கடன் தந்தது. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரைவிட ஆங்கிலேயரே தலைக்கு அதிக வரி கட்டினார்கள்.