வீடு கட்டினால் ஊர் ஆகிவிடுமா? நகரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரமைப்பு என்றதும் மேம்பாலமும் அகலச் சாலையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பிள்ளை பள்ளிக்கு நடந்து போகுமா, தாய் வேலைக்குப் போய்த் திரும்ப முடியுமா, அவசரத்துக்குக் கைமாற்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்குமா என்பதையும் அதே வரைபடம்தான் தீர்மானிக்கிறது. இதை மறந்ததற்குச் சென்னை கொடுத்த விலை கண்ணகி நகர்.

நகரின் தென்கோடியில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே குடியேற்றம் தொடங்கியது. நகரின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மயிலாப்பூரில் காலை இரண்டு வீடு, மாலை இரண்டு வீடு என்று பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண், குடிசை பக்கத்தில் இருந்தால் இடையில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போவார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வர நேர்ந்தால் பஸ் காசும் நேரமும் சேர்ந்து அந்தப் பிழைப்பையே தின்றுவிடும். அதோடு ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்தால் முகவரியே பழிச்சொல் ஆகிவிடுகிறது. ‘கண்ணகி நகரா?’ என்று கேட்டுவிட்டு வேலை தரத் தயங்கியவர்கள் உண்டு. இவ்வளவும் தெரிந்த பிறகும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அதே தவறு எட்டு அடுக்காக உயர்ந்தது என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

மாற்று வழி தெரியாததும் அல்ல. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

இடிப்பதையே முன்னேற்றமாக நினைப்பது இன்னொரு தவறு. 1915இல் சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு நகராட்சி போட்டிருந்த திட்டத்தைப் பார்த்தார். நெரிசலான தெருக்களை இடித்து நேர்கோட்டில் சாலை போடும் யோசனை அது. முதல் பகுதிக்கே 30,000 ரூபாய் ஆகும். இருக்கும் சந்துகளைச் சற்றே அகலப்படுத்தி, பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றினால் மொத்தப் பகுதிக்கும் 5,000 ரூபாய் போதும் என்று அவர் கணக்குக் காட்டினார். நூறாண்டு கழித்தும் நம் ஊர்களில் முதல் யோசனைக்குத்தான் மவுசு.

நீர்நிலையைக் காலியிடமாகப் பார்ப்பது பழைய நோய். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை நிரப்பி உருவானது. நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள் என்று அமைப்பு நேர்த்தியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது.

போக்குவரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு உதாரணமாகச் சென்னையின் தெற்குப் புறநகரான கிளாம்பாக்கம் போதும். பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதை ஒட்டிய ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை.

இவை அரசின் தவறுகள். மனை வாங்குகிறவர்களும் தம் பங்குக்குத் தவறுகிறார்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் பார்த்தவுடன் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியுள்ள நிலத்தில் பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளிக்குப் போக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். அப்படியே அந்தச் சர்வே எண், நகரின் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த நில உபயோகத்தில் வருகிறது என்றும் பாருங்கள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவதன் வரைவு ஆட்சேபணைக்கு வைக்கப்படும்போது உங்கள் தெருவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, குறை இருந்தால் அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள்.